பன்னிரண்டு படிக் களைப்பு

இரண்டு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய். பந்தயத்துக்குக் கிளம்பிய அன்றைக்குத் 'தோள்' கம்பெனிக்கு நான் கட்ட வேண்டியிருந்த பாக்கி இவ்வளவு. என் வீட்டுக்காரி பூரணத்துக்கு இருதய வால்வு மாற்றிய ஆஸ்பத்திரி, அந்தப் பில்லை அப்படியே கம்பெனிக்கு விற்றுவிட்டது. கம்பெனி என் வலது மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டியது.

மாட்டியவர் டாக்டர் ஷெரின். பாளையங்கோட்டைக்காரப் பெண், முப்பது வயது இருக்கும். பயந்துபோய் உட்கார்ந்திருந்த என்னிடம் அவர்தான் விளக்கம் சொன்னார்.

"வலிக்காது அண்ணாச்சி. ஒருத்தர் ஓடுறார்னு வையுங்க. ஓடுறது அவர் காலுதான். கொஞ்ச நேரத்துல உடம்பு 'போதும், உக்காரு'ன்னு சொல்லும்லா? அந்தச் சொல்லு அவருக்குப் போவாது. உங்களுக்கு வந்துரும். அவர் ஓடிக்கிட்டே இருப்பார்."

"நான்?"

"நீங்க உக்காந்துக்கிடலாம். தூங்குனா சரியாப் போயிரும்."

அப்படித்தான் இரண்டு வருடம் போனது. சென்னையில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள், இரவு பகலாகப் பரீட்சைக்குப் படிப்பவர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோரும் பாளையங்கோட்டைக்கு வந்து, பட்டை மாட்டிய கடன்காரர்களான எங்களிடம் களைப்பை இறக்கிவிட்டுப் போவார்கள். கம்பெனிக்காரன் அதன் அளவுக்கு ஏதோ பேர் வைத்திருந்தான். எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்கள் படி என்றோம். ஒரு நாள் முழுக்க வாழைத்தார் சுமந்தால் வருகிற களைப்பு ஒரு படி. ஆறு படிவரை உடம்பு தாங்கும். ஏழில் பட்டை சிவப்பாகும். எட்டைத் தாண்டினால் இருதயம் நின்றுவிடும். படிக்கு நூற்று நாற்பது ரூபாய் பாக்கியில் கழிப்பார்கள். வட்டி அதைத் தின்றுவிடும். இரண்டு வருடத்தில் ஆறாயிரம்தான் குறைந்திருந்தது.

நான் விழுந்துவிட்டால் பாக்கி பூரணத்தின் மேல் ஏறும். கடன் தாளில் இரண்டாவது பெருவிரல் ரேகை அவளுடையது. பட்டை அவள் கைக்குப் போகும். புது வால்வு போட்ட அந்த நெஞ்சு அரைப் படி தாங்காது.

இந்த நிலைமையில்தான் டாக்டர் ஷெரின் இளமாறனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இளமாறன் சென்னையில் ஏதோ கம்பெனி வைத்திருக்கிறார். ஷெரினும் அவரும் ஒரே ஓட்டப்பந்தய அணி. மலையிலிருந்து கடல்வரை மூன்று நாள் பந்தயம் ஒன்று வருகிறது என்றார்கள். பொதிகை மலைமேல் ஓட்டம், பாறையில் கயிறு பிடித்து இறக்கம், பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம்வரை சைக்கிள், அங்கிருந்து தாமிரபரணியில் படகு, புன்னைக்காயலில் முடிவு. ஓடுகிறவர்கள் மூன்று பேர், களைப்புத் தாங்குகிற ஆள் ஒருவர். பட்டை இருநூறு அடிக்குள்தான் வேலை செய்யும் என்பதால் தாங்குகிறவனும் கூடவே போக வேண்டும். நாலு பேரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு.

"எத்தனையோ பேர் இருக்காவளே, நான் எதுக்கு?" என்று கேட்டேன்.

"மலை ஏறத் தெரிஞ்ச தாங்கி வேணும்ணா" என்றார் இளமாறன். "மத்தவங்க ரூம்ல படுத்துப் படுத்து நடக்கவே மறந்துட்டாங்க. நீங்க சுமை தூக்குன ஆளு."

"செயிச்சா?"

"உங்க மொத்த பாக்கியையும் அணி கட்டிடும். ஒரு ரூபா பாக்கி இருக்காது."

"தோத்தா?"

"தோக்க மாட்டோம்ணா."

பூரணத்திடம் சொன்னபோது அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "மூணு நாளுதானே?" என்றாள். பிறகு, "எட்டுக்கு மேல போவ விட்டுராதிய" என்றாள்.  அகப்பை சட்டியில் இரண்டு தடவை இடித்தது.

முதல் நாள் காலையில் பத்து அணிகளையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். தாங்கிகளைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். ஒதுங்கி நின்ற இடத்தில்தான் தங்கப்பழத்தைப் பார்த்தேன். ஏரல் பக்கம் பதினோரு வருடம் என்கூட வாழைத்தார் சுமந்தவன். நீலச் சட்டை போட்டிருந்தான். என்னுடையது மஞ்சள்.

"என்ன வே மாடக்கண்ணு, ஏதோ கோயில் கொடைக்கு வந்த மாதிரி மஞ்சள்ல நிக்கிய?"

"நீ மட்டும் என்ன, தார்ப்பாயைச் சுத்துன மாதிரி இருக்கே. ஒனக்கு எவ்ளோ?"

"நாலே கால் லட்சம். எம்பய வண்டிய ஒருத்தன் மேல ஏத்திட்டான்லா, அந்தக் கேசு." எச்சிலைத் துப்பினான். "சரி, செத்தா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே செலவுல எழவு வைக்கச் சொல்லணும். மிச்சமாவும்."

விசில் ஊதினார்கள்.

மலைமேல் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அது அழகாகத்தான் இருந்திருக்கும். இளமாறன், ஷெரின், மூன்றாவதாகப் பிரணவ் என்று ஒரு கலகலப்பான பையன், மூன்று பேரும் மான் மாதிரி போனார்கள். நான் என் காலால் ஏற வேண்டியது ஒரு பக்கம், அவர்கள் களைப்பு வந்து இறங்குவது ஒரு பக்கம். பின்தங்கினால் என் இடுப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள். இழுக்கிற களைப்பும் எனக்கே வந்து சேர்ந்தது.

ஒவ்வொருவர் களைப்பும் ஒவ்வொரு மாதிரி வரும். இளமாறனுடையது கெண்டைக்காலில் வந்து சுருட்டிக்கொள்ளும். ஷெரினுடையது இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். பிரணவுடையது கண்ணுக்குப் பின்னால் கனமாக உட்காரும், ராத்திரி தூங்காத பையன் என்று அதிலேயே தெரிந்துவிடும். மூன்று பேருக்கும் இதெல்லாம் தெரியாது. இவர்கள் பட்டையின் புண்ணியத்தில் உட்காரணும் என்ற நினைப்பே வராமல் இரண்டு வருடம் இருந்தவர்கள்.

"பவர் பேங்க் அண்ணா, எத்தனை பர்சன்ட் இருக்கு?" பிரணவ் கேட்டான்.

பட்டையைப் பார்த்தேன். "மூணே கால் படி தம்பி."

"சூப்பர். இன்னொரு மலை ஏறலாம்" என்று சிரித்துக்கொண்டே தன் தண்ணீர்ப் புட்டியை என்னிடம் நீட்டினான். நல்ல பையன்தான்.

இரண்டாம் நாள் நாங்களும் நீல அணியும் மட்டும் முன்னால் இருந்தோம். மற்றவர்கள் ஒரு மணி நேரம் பின்னால். பாறையில் கயிறு பிடித்து இறங்கிய பிறகு, சைக்கிள் நிற்கிற இடம்வரை ஒற்றையடிப் பாதை. மழை பெய்து வழுக்கியது. நீல அணி எங்களுக்கு முன்னால் ஐம்பது அடியில் போய்க்கொண்டிருந்தது. தங்கப்பழம் அவர்களுக்குக் கடைசி ஆளாகத் தள்ளாடி நடந்தான். ஒரு வளைவில் அவன் கால் நழுவியது. பள்ளத்துப் பக்கம் சரிந்து, ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினான்.

"கை!" என்று கத்தினான்.

வாழைத்தார் சுமக்கிறவன் தலையிலிருந்து தாரைத் தனியாக இறக்க முடியாது. இறக்கினால் அடிபடும். அடிபட்ட காய் பழுக்கும்போது கறுத்துப்போகும். வியாபாரி அதற்கு மொத்த வரிசையின் கூலியிலும் பிடிப்பான். அதனால் எவனுக்கு முடியாமல் போகிறதோ அவன் "கை!" என்று சத்தம் கொடுப்பான். பக்கத்தில் இருக்கிறவன், வேறு காண்டிராக்டரின் ஆளாக இருந்தாலும், பேச்சுவார்த்தை இல்லாத சண்டைக்காரனாக இருந்தாலும், ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். அந்தச் சத்தம் எங்கள் காதுக்குப் போகாது, நேரே காலுக்குப் போகும்.

நான் ஓடினேன். கயிறு கட்டியிருந்த இளமாறனும் பின்னால் இழுபட்டு வந்தார். குனிந்து தங்கப்பழத்தின் வலது கையை என் வலது கையால் மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினேன். பட்டையும் பட்டையும் ஒட்டிக்கொண்டன. கீச்சென்று ஒரு சத்தம்.

அப்போதுதான் புத்தி வந்தது. ஆஸ்பத்திரியில் ஆள் மாறும்போது ஒரு தாங்கியின் களைப்பை இன்னொருவனுக்கு மாற்ற இப்படித்தான் பட்டையோடு பட்டை ஒட்டுவார்கள். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும் ஒட்டியிருந்தேன். என் பட்டையில் நாலு இருந்தது, அவனுடையதில் ஆறு. இப்போது இரண்டிலும் ஐந்து காட்டியது.

"என்ன பண்ணிட்டீங்க?" இளமாறன் கத்தினார். முன்னால் போயிருந்த நீல அணித் தலைவியும் ஓடி வந்தார். பாதையிலேயே சண்டை மூண்டது. ஷெரின்தான் இரண்டு பட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டும் ஒண்ணாயிட்டு. இனி நாம ஓடுனாலும் அவங்க ஓடுனாலும் ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி போவும். பிரிக்கணும்னா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

"போனா பந்தயம் அவ்ளோதான்" என்றார் நீலத் தலைவி.

"ஆமா. இருநூறு அடிக்கு மேல விலகினாலும் ரெண்டு பட்டையும் பூட்டிக்கிடும். அதோட ரெண்டு அணியும் வெளியே. சேர்ந்தேதான் போயாகணும்."

"ஒரு ஆள் கழட்டிட்டா?" என்று பிரணவ் கேட்டான்.

ஷெரின் தாழ்ந்த குரலில் சொன்னார். "மொத்தமும் போட்டிருக்கிற ஆளுக்குப் போயிரும்."

அதற்குப் பிறகு யாரும் சத்தம் போடவில்லை. எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

சைக்கிளில் இளமாறனுக்குப் பின்னால் என்னை உட்காரவைத்தார்கள். நீல அணி பக்கத்திலேயே வந்தது. இனி எனக்கு வந்ததெல்லாம் ஆறு பேருடைய களைப்பு. அதோடு தங்கப்பழத்தின் சொந்தக் களைப்பும் வந்தது. அவனுடைய இடுப்பின் இடது பக்கம், சுண்ணாம்பு போட்ட மாதிரி எரிகிற ஒரு இடம். பழைய வலி, எத்தனை வருடத்துப் பழசோ. பதினோரு வருடம் பக்கத்தில் நடந்தும் அவன் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. என்னுடைய முட்டி வலியும் அவனுக்குப் போயிருக்கும். சேரன்மகாதேவி தாண்டும்போது பக்கத்துச் சைக்கிளிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"ஒம்முட்டி எப்ப வே போச்சு? சொல்லக்கூடாதா?"

"நீ இடுப்பைச் சொன்னியாக்கும்?"

"ம்" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயங்காலம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் கூடாரம். இளமாறன் என்னைத் தண்ணீர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்.

"அண்ணா, நாளைக்கு முக்காணிப் பாலம் வரும். பழைய பாலமும் புதுப் பாலமும் பக்கத்துப் பக்கத்துல. அடியில போறப்ப மேல பறக்குற கேமராவுக்குத் தெரியாது. பட்டையைக் கழட்டிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. மாட்டிக்குங்க. அவ்ளோதான்."

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவருக்கு ஒண்ணும் ஆகாதுண்ணா. ஏழு தாண்டினா பட்டை சிவப்பாகும். அவங்க டீம்லயே பார்த்துக் கழட்டிடுவாங்க. அவங்க அவுட். நாம ஜெயிச்சோம்."

"ஆளுக்கு ஆறுன்னாலும் அவன் மேல போறது பன்னெண்டு படி தம்பி. பத்து எண்ணுறதுக்குள்ள உசிரு போயிரும்."

"அப்ப என்ன பண்ணலாம், சொல்லுங்க. இப்படியே போனா புன்னைக்காயல் போறதுக்குள்ள ரெண்டு பேரும் எட்டைத் தொட்டுடுவீங்க. ரெண்டு பேரும்." என் முகத்தைப் பார்த்தார். "அண்ணி கையில பட்டை மாட்ட விடுவீங்களா?"

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"அவங்க கேப்டன் இதையே அவர்கிட்ட பேசிக்கிட்டிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறீங்களா?" என்றார் இளமாறன்.

அந்தப் பக்கம் பார்த்தேன். நீலக் கூடாரத்துக்கு வெளியே தங்கப்பழம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். நீலத் தலைவி அவன் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்கு டீ கொடுத்திருந்தார்கள். அவன் அதைக் குடிக்கவில்லை.

ஷெரின் கூடார வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் அவரைப் பார்த்ததும் கால் உறையை மடிக்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

காலையில் படகு இறங்கியது. தூங்கி எழுந்ததில் படி மூன்றுக்கு வந்திருந்தது. ஓடுகிறவர்கள் மூன்று பேரும் துடுப்புப் போட, தாங்கி பின்னால் உட்கார வேண்டும். இரண்டு படகும் ஒன்றுக்கொன்று ஐம்பது அடியில் போயின. மேலே கேமரா வண்டு மாதிரி இரைந்துகொண்டே வந்தது. கரையெல்லாம் வாழைத்தோட்டம். ஏரல் தாண்டும்போது பட்டையில் நாலரைப் படி. ஒவ்வொரு துடுப்புக்கும் என் தோள்பட்டைக்குள் யாரோ மண் அள்ளிப் போடுகிற மாதிரி இருந்தது. மூச்சை நானாக இழுத்து நானாக விட வேண்டியிருந்தது. மறந்துவிட்டால் நின்றுவிடும் போல.

"ஏ மாடா!" தங்கப்பழம் கூப்பிட்டான். குரல் தேய்ந்துபோயிருந்தது.

"என்ன வே?"

"கர ஏறுனதும் ஆத்தூர்ல புரோட்டா வாங்கித் தருவியா?"

"துட்டு எவன் தருவான்?"

"செயிச்சவன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு முடிகிற இடத்தில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும் திருப்பிக்கொண்டேன். நான் திருப்பியது ஏன் என்று எனக்குத் தெரியும். அவன் ஏன் திருப்பினான் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் செய்ததைத்தான் செய்திருப்பேன்.

முக்காணிப் பாலம் தெரிந்தபோது பட்டையில் ஐந்தே முக்கால். இளமாறன் துடுப்புப் போட்டுக்கொண்டே ஒரு தடவை திரும்பி என் மணிக்கட்டைப் பார்த்தார்.  பூரணத்தை நினைத்துக்கொண்டேன். அவள் கையை, அந்தக் கையில் பட்டையை. அப்படி நினைத்தால் கொக்கியைத் தொடுவது சுலபமாக இருந்தது. வேறு எதையும் நினைக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். ஆனால் இடுப்பின் இடது பக்கம் எரிந்துகொண்டே இருந்தது. அது என் இடுப்பு இல்லை.

படகு பாலத்தடிக்குள் நுழைந்தது. குளிர்ந்த இருட்டு. கேமராவின் இரைச்சல் நின்றது. பட்டை ஆறு படி காட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டு கொக்கியை அழுத்தினேன்.

கொக்கி கழன்ற சத்தம் இரண்டு தடவை கேட்டது. பாலத்தடியில் எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

துடுப்பு தண்ணீரில் விழுந்த சத்தத்தில் கண்ணைத் திறந்தேன். பிரணவ் இடுப்பில் முறிந்த மாதிரி முன்னால் சரிந்திருந்தான். ஷெரின் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். இளமாறன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, "கால்... என் கால்... அம்மா..." என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். படகு தன்போக்கில் திரும்பி, பாலத்தைத் தாண்டி வெயிலுக்கு வந்தது.

நீலப் படகும் குறுக்காக மிதந்து வந்தது. அதிலும் மூன்று பேர் சுருண்டு கிடந்தார்கள். பின்னால் தங்கப்பழம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கழற்றிய பட்டை அவன் கையில் இருந்தது. என் பட்டை என் கையில் இருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் கண்ணில் இருந்தது எனக்குப் புரிந்தது. என் கண்ணில் இருந்தது அவனுக்கும் புரிந்திருக்கும்.

பிறகு நான் என் உடம்பைக் கவனித்தேன். லேசாக இருந்தது. மூன்று நாள் நடந்த என் சொந்த அலுப்பு மட்டும் இருந்தது, அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு வருடமாக எனக்கு இப்படி ஒரு உடம்பு இருந்ததையே மறந்துபோயிருந்தேன். துடுப்பை எடுத்துப் போட்டேன். அவனும் போட்டான். இரண்டு படகையும் கோரை முளைத்த கரையில் ஒதுக்கி, ஆறு பேரையும் ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி வாழை நிழலில் கிடத்தினோம். கேமரா தலைக்கு மேலேயே நின்று எல்லாவற்றையும் எடுத்தது.

"அண்ணாச்சி" என்று ஷெரின் முனகினார். குனிந்தேன். "வாங்க ஆள் இல்லன்னா வந்த இடத்துக்கே திரும்பிரும் போல. நாங்க யோசிக்கவே இல்ல." கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் கணக்குப் போட்டது. "பன்னெண்டு படி. ஆறு பேரு. ஆளுக்கு ரெண்டுதான்."

"ஆமாம்மா. ரெண்டு நாள் தார் சுமந்த மாதிரி இருக்கும். தூங்குனா சரியாப் போயிரும்."

அவர் அழ ஆரம்பித்தார். வலியிலா வேறு எதிலா என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பச்சைச் சட்டை அணி ஒன்று எங்களைத் தாண்டிப் புன்னைக்காயலை நோக்கிப் போனது. அதில் பின்னால் சாய்ந்து கிடந்த தாங்கி எங்களைப் பார்த்தான். கழுத்தைத் திருப்பக்கூட அவனால் முடியவில்லை.

அடுத்த ஒரு வாரம் எங்கள் படம் இல்லாத போன் இல்லை. இரண்டு கூலித் தொழிலாளிகள், எதிரெதிர் அணி, ஒருவரையொருவர் காப்பாற்ற ஒரே நேரத்தில் பட்டையைக் கழற்றினார்கள் என்று பேசினார்கள். ஏரலில் சுமைதூக்குகிறவர்கள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் போட்டு பேனர் கட்டினார்கள். பூரணம் அதைப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நல்ல மனுசன் தங்கப்பழம்" என்றாள். நான் ஆமாம் என்றேன். பாக்கி அப்படியேதான் இருந்தது. பந்தயத்தை முடிக்காததால் அணி ஒரு ரூபாயும் தரவில்லை.

எட்டாம் நாள் கம்பெனி கூப்பிட்டது. பாளையங்கோட்டையில், பட்டை மாட்டிய அதே கட்டடத்தின் மாடி. மேசைக்கு அந்தப் பக்கம் வக்கீல் மாதிரி ஒருத்தர். இந்தப் பக்கம் நானும் தங்கப்பழமும். பாலத்துக்குப் பிறகு அன்றுதான் பக்கத்தில் உட்காருகிறோம்.

"போலீஸ் தரப்புல ஒரு கேள்வி வருது" என்றார் அவர். "பட்டையைக் கழட்டச் சொன்னது யார்னு. யாரும் சொல்லலை, இல்லையா? நீங்களா முடிவு பண்ணீங்க. அதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா, உங்க ரெண்டு பேர் பாக்கியையும் கம்பெனி தள்ளுபடி பண்ணிடும். முழுசா. நல்ல எண்ணத்துல."

ஆளுக்கு ஒரு தாளை நகர்த்தினார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகி இரண்டு வருடம்தான் ஆகிறது, கடன் தாளில் ரேகை வைத்த பிறகு போன சாயங்கால வகுப்பு அது. தங்கப்பழத்துக்கு எழுத்து தெரியாது.

"வாசி" என்றான்.

விரலை வைத்து வாசித்தேன். "நாங்கள் இருவரும்... பல ஆண்டு நண்பர்கள். ஒருவர் உயிருக்கு மற்றவர் பொறுப்பு என்று எண்ணி... முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு... எவருடைய தூண்டுதலும் இல்லாமல்... ஒரே நேரத்தில் பட்டையைக் கழற்றினோம்."

"இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன். அவன் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றான். பிறகு, வக்கீலுக்குக் கேட்காத குரலில், "ஒன்கிட்டயும் பத்து எண்ணத்தானே சொன்னாவ?" என்றான்.

"ஆமா."

"எத்தனை எண்ணுன?"

"மூணு."

தலையை ஆட்டினான். "நான் நாலு" என்றான்.

அவன் எனக்கு ஒரு எண்ணிக்கை முன்னாலேயே கழற்றியிருக்கிறான்.  குறை சொல்ல எனக்கு யோக்கியதை ஏது? அவன் மை டப்பாவில் பெருவிரலை அமுக்கித் தாளில் வைத்தான். நான் என் பெயரை எழுதினேன். மா-ட-க்-க-ண்-ணு. ஆறு எழுத்துக்கும் நேரம் பிடித்தது. வக்கீல் இரண்டு தாளையும் வாங்கி உறைக்குள் போட்டார்.

"இது உங்களுக்குள்ள இருந்த நட்புக்குக் கம்பெனியோட மரியாதை" என்று எழுந்து கைகூப்பினார்.

தங்கப்பழம் எழுந்திருக்கவில்லை. விரல் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "ரசீது?" என்றான்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கடிதம் அனுப்பிடுவோம்."

"சேத்து வேண்டாம் சார். தனித்தனியாத் தாங்க."

நானும் ஆமாம் என்றேன். அச்சு இயந்திரம் சூடாகக் கொஞ்ச நேரம் ஆனது.  முதலில் அவனுடையது வந்தது. பிறகு என்னுடையது. இரண்டு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய், அதற்கு நேரே 'தள்ளுபடி', கீழே 'பாக்கி: இல்லை'. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு நாலாக மடித்தேன். அவன் தன்னுடையதை என்னிடம் வாசிக்கத் தரவில்லை. மடித்து மடியில் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் படி இறங்கிப் போய்விட்டான்.